கைநாட்டும் காணி உறுதியும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் வாசிக்கப்பட்ட உரை)

 



'வெள்ளைக்காரர் காலத்தில் எங்கள் கரையோரம்' என்று ஒரு தலைப்பைத் தந்து, இருபது நிமிடம் பேசுங்கள் என்று சங்கச் செயலாளர் எங்களிடம் கேட்டார். நாங்கள் ஒரே வகுப்பில் படித்த மூவர். ஒருத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒருத்தி கச்சேரியில் முப்பது வருடம் கோப்புத் தூக்கியவள். மற்றவள் வீட்டைப் பார்த்துக்கொண்டவள். எங்களில் எவரும் சரித்திரப் பட்டதாரி அல்ல. ஆகவே கவர்னர்களின் பெயரையும் யுத்தங்களின் திகதியையும் ஒப்புவிக்கிற வேலையை விட்டுவிட்டு, எங்கள் மூவர் வீட்டுப் பெட்டகத்திலும் இருந்த ஒரு சாமானைப் பற்றிப் பேசுவோம் என்று தீர்மானித்தோம். அது காணி உறுதி. எழுதியது ஒருத்தி, வாசிப்பது இன்னொருத்தி, பிழை பிடித்தது மூன்றாமவள். அதனால்தான் இது 'நாங்கள்' என்று வருகிறது.

திகதிகளை முற்றாகத் தவிர்க்கவும் முடியாது. 1795 செப்டெம்பரில் மட்டக்களப்புக் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அப்போது வந்தவர்கள் இங்கிலாந்து அரசரின் அதிகாரிகள்கூட அல்ல. சென்னையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பனி அனுப்பிய ஆட்கள். இந்தியாவை விழுங்கிக்கொண்டிருந்த அதே கம்பனி, அதே கணக்கப்பிள்ளைமாரோடு இங்கும் வந்து, தென்னை மரத்துக்குத் தலைவரி போட்டது. 1797இல் இலங்கையின் கரையோரத்தில் கலகம் வெடித்தது அதனால்தான். 1802இல் இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. 1815இல் கண்டியும் போயிற்று. 1817, 1818இல் எங்களுக்கு மேற்கே வெல்லஸ்ஸவில் எழுந்த கிளர்ச்சியை ஊர்களையும் வயல்களையும் எரித்து அடக்கினார்கள். அந்தக் கிளர்ச்சி மூண்டதற்குச் சொல்லப்படுகிற காரணங்களுள் ஒன்று, வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்குத் தனியாக ஹாஜி மரிக்கார் என்பவரை முகாந்திரமாக ஆங்கிலேயர் நியமித்தது. ஒரே நாட்டில் ஒரு சாதியாருக்குத் தனித் தலைவன், தனிக் கணக்கு என்ற அந்த வேலையை அவர்கள் அப்போதே தொடங்கிவிட்டார்கள். அதன் மிச்சத்தை நாங்கள் எங்கள் வாழ்நாளில் கண்டுவிட்டோம். இந்த மண்டபத்தில் அதை விரிக்க வேண்டியதில்லை.

இனிக் காணிக்கு வருவோம்.

1840ஆம் ஆண்டு இரண்டு கட்டளைச் சட்டங்கள் வந்தன. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். ஒன்று 12ஆம் இலக்கம். காடு, தரிசு, குடியில்லாத நிலம், பயிரிடாத நிலம் எல்லாம் முடிக்குரியதென்றே கொள்ளப்படும். இல்லையென்று சொல்பவர் அதை நிரூபிக்க வேண்டும் என்றது. நிரூபிக்கிற பாரம் மகாராணியின் தலையில் இல்லை, மாடு மேய்த்தவன் தலையில். மேட்டுநிலச் சேனையும், மேய்ச்சல் தரையும், விறகு எடுத்த காடும் ஒரே நாளில் 'அத்துமீறல்' ஆகின. மற்றது 7ஆம் இலக்கம். காணியை விற்பதோ கொடுப்பதோ எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு முன்னால், குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னால் ஒப்பமிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் செல்லாது என்றது. வாய்ச்சொல்லால் கொடுத்து, ஊர்ப் பெரியவர்களைச் சாட்சி வைத்து வாழ்ந்த சனங்களுக்கு, இனிமேல் சொல்லுக்கு மதிப்பில்லை, கடதாசிக்குத்தான் மதிப்பு என்று ஆகிவிட்டது.

கச்சேரியில் வேலை செய்தவள் இந்த இடத்தில் குறுக்கிடுகிறாள். கடதாசி வந்ததை முழுக்கப் பழி சொல்லாதே, கடதாசிதான் பிறகு எங்களைக் காப்பாற்றியது என்கிறாள். அதுவும் உண்மை. அதற்குப் பிறகு வருகிறோம்.

எங்கள் கரையோரத்து வழக்கம் இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். ஆனால் மலர் வெளிநாட்டிலும் வாசிக்கப்படும் என்பதால், அங்கு பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை, தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும், வீடும் வளவும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். குடியும் தாய்வழியில்தான். மூத்தவளுக்குக் கல்யாணம் என்றால் அவளுக்கு அந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் அடுத்த மகளுக்கென்று பக்கத்து வளவில் குடிசை போட்டுப் போவார்கள். அக்கரைப்பற்றில் வந்து தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். எங்களுக்கு அது ஆராய்ச்சி அல்ல, வீடு.

இதற்குள் வெள்ளைக்காரரின் சட்டம் எப்படிப் புகுந்தது? கொழும்பு மாகாணத்து முஸ்லிம் தலைவர்களின் சம்மதத்தோடு 1806இல் முஸ்லிம்களுக்கென்று ஒரு சட்டத் தொகுப்பை இயற்றினார்கள். 1852இல் அதை முழு இலங்கைக்கும் நீட்டினார்கள். கொழும்பில் எழுதிய வழக்கம் கரைவாகுப்பற்றுக்கும் சம்மாந்துறைப்பற்றுக்கும் சட்டமாயிற்று. எங்களை யாரும் கேட்கவில்லை. எங்கள் தமிழ்த் தோழியரின் முன்னோருக்கு நடந்தது இன்னும் கடுமை. மட்டக்களப்புப் பகுதியில் முக்குவர் சட்டம் என்று ஒன்று இருந்தது. அதில் முதுசொம் தாய்வழியில் போகும். ஓர் ஆணின் முதுசொம்கூட அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்குத்தான். அதைப் பற்றிக் கிறிஸ்தோபர் பிறிட்டோ ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டது 1876இல். அதே 1876இல் வந்த 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு அந்த வழக்கத்தின் சட்ட உயிர் போயிற்று. எழுதி முடித்த கையோடு மையித்தாகிவிட்டது என்று எங்கள் சரித்திர ஆசிரியை சிரித்துக்கொண்டு சொல்வார்.

ஆனால் சனங்கள் சும்மா இருக்கவில்லை. சாவுக்குப் பிறகு சட்டம் பங்கு போடுகிறதா, அப்படியென்றால் உயிரோடு இருக்கும்போதே மகளுக்குச் சீதனமாக உறுதி எழுதிவிடுவோம் என்றார்கள். முஸ்லிம் வீடுகளிலும் அதே கதைதான். மரணத்துக்குப் பின்னான பங்கு மார்க்கப்படி; உயிரோடு இருக்கும்போது கொடுக்கிற வீடும் வளவும் மகளுக்கு. வெள்ளைக்காரன் கொண்டுவந்த அதே நொத்தாரிசுக் கடதாசியை வைத்தே வெள்ளைக்காரன் சட்டத்தைச் சுற்றிப் போனார்கள். எங்களுக்கு இந்தப் பகுதி மிகவும் பிடிக்கும். கலகம் செய்தவர்களைத்தான் சரித்திரம் வீரர்கள் என்கிறது. எங்கள் மூத்தம்மாமாரோ வெற்றிலை மடித்தபடி சட்டத்தை மடித்து வைத்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுக்கு நாகரிகம் கற்பிக்க வந்ததாகச் சொன்ன இங்கிலாந்தில், கல்யாணமான பெண் தன் பெயரில் முழு உரிமையோடு சொத்து வைத்திருக்க 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருந்தாள். அந்த வருடத்தில் நிந்தவூரிலும் சாய்ந்தமருதிலும் மாப்பிள்ளைமார் பெண்டாட்டியின் வீட்டில்தான் குடியிருந்தார்கள். அதிகமாகப் பெருமைப்படவும் வேண்டாம். வீடு அவள் பெயரில் இருந்தது, ஆனால் அந்தப் பெயரை அவளால் வாசிக்க முடியவில்லை. இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்த கதை இதுதான்.

எங்களில் ஒருத்தியின் மூத்தம்மா. பெயர் வேண்டாம். சம்மாந்துறைப் பக்கத்து வட்டையொன்றில் அவருக்கு இரண்டு ஏக்கர் வயல், சீதனமாக வந்தது. கணவர் இளவயதில் மௌத்தாகிவிட்டார். மூன்று பெண்பிள்ளைகள். வயலைப் பார்ப்பதற்கு ஆண் துணை இல்லை. மச்சான் முறையான ஒருவர் குத்தகைக்குச் செய்துகொடுத்தார்.

1942. ஏப்ரலில் ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டான். பர்மா விழுந்து, அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. அரிசிக்குக் கூப்பன். அரசாங்கம் உள்நாட்டு நெல்லை நிர்ணய விலைக்கு வாங்கத் தொடங்கியது. விளைந்ததில் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று விதானைமார் வீடு வீடாக வந்தார்கள். எங்கும் படிவம், எங்கும் ஒப்பம். யுத்தம் எங்கேயோ, கணக்கு எங்கள் அட்டுவத்தில். அந்த அமளியில் ஒரு நாள் மச்சான் வந்து, ஆண்டிக்கு நெல் கொடுக்கிற விஷயமாக ஒரு கடதாசியில் கைநாட்டு வைக்க வேண்டும், வாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனார். அரசாங்கத்தை எங்கள் ஊரில் ஆண்டி என்று அந்த மனிதர் ஒருவர்தான் பகிடியாகச் சொல்வாராம். மூத்தம்மா முக்காடு போட்டுக்கொண்டு, திரைக்குப் பின்னால் இருந்து கையை மட்டும் நீட்டினார். பெருவிரலில் மை பூசினார்கள். இரண்டு சாட்சிகள் ஒப்பமிட்டார்கள். ஒரு தேத்தண்ணீர் குடிக்கிற நேரம்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு உறுதியை வாசித்து விளக்க வேண்டும் என்பது நொத்தாரிசுச் சட்டத்திலேயே இருக்கிறது. வாசித்தார்களா? வாசித்தார்கள் என்கிறார் மூத்தம்மா. 'ஓதுறாப்போல வேகமா வாசிச்சாங்க மகள், எனக்கு என்ன விளங்கும்' என்று சொல்வார்.

முதல் இரண்டு போகம் குத்தகை நெல் வந்தது. மூன்றாம் போகம் வெள்ளம். அதற்கடுத்தது பூச்சி. பிறகு கடன். பிறகு பேச்சே இல்லை. சொந்தக்காரரோடு நெல்லுக்காக மல்லுக்கட்டுவது மரியாதையா என்று மூத்தம்மாவும் விட்டுவிட்டார்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. அந்த வருடந்தான் மூத்த மகளைப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். இந்தப் பாடசாலைக்கு. குமரானதும் நிறுத்திவிட்டார்கள், ஏழாம் வகுப்போடு சரி. 1956இல் அவருக்குக் கல்யாணம் பேசி வந்தபோது, வயலில் பாதியைச் சீதனமாக எழுதலாம் என்று மூத்தம்மா பெட்டகத்தைத் திறந்து கடதாசிகளை எடுத்தார். பழைய சீதன உறுதியோடு, 1942இல் கைநாட்டு வைத்ததன் பிரதியும் இருந்தது. அதை மச்சான் ஒளிக்கவில்லை. ஒளிக்கத் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும். பதினான்கு வருடம் அந்த வீட்டுப் பெட்டகத்துக்குள்ளேயே கிடந்த கடதாசி அது.

மகள் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். ஆங்கிலமல்ல, தமிழ்தான். அந்தக் காலத்து நொத்தாரிசுத் தமிழ், முற்றுப்புள்ளியில்லாமல் ஒரு பக்கம் முழுக்க ஒரே வசனம். நடுவில் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். 'உம்மா, இதில அறுதியா வித்துப்போட்டதா எழுதி இருக்கே' என்றார். குத்தகை என்ற சொல் எங்கேயும் இல்லை. நெல் என்ற சொல்லும் இல்லை.

கல்முனையில் ஒரு சட்டத்தரணியிடம் போனார்கள். கைநாட்டு உங்களுடையதா என்று கேட்டார். ஆம். சாட்சிகள் உண்டா? ஒருவர் மௌத்து, மற்றவர் மச்சானின் ஆள். வயலை எத்தனை வருடமாக அவர் சொந்தமாகச் செய்கிறார்? பத்து வருடத்துக்கு மேல். அத்தோடு கோப்பை மூடிவிட்டார். பத்து வருடம் இடையூறில்லாமல் தனக்கென்று ஆண்டவனுக்கு உரித்து என்பது 1871ஆம் ஆண்டுச் சட்டம். அதுவும் வெள்ளைக்காரன் வைத்ததுதான்.

இந்தக் கதையை எழுதி முடித்தபோது எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. தலைப்பு ஆங்கிலேயர் ஆட்சி. ஏமாற்றியவரோ எங்கள் ஆள். இதை ஏன் சொல்கிறோம் என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. மூத்தம்மாவின் விரலைப் பிடித்து மையில் தோய்த்தது எந்தத் துரையும் அல்ல. துரை மூத்தம்மாவைக் கண்டதே இல்லை. ஆனால் வாசிக்கத் தெரிந்தவனுக்கு மட்டும் திறக்கிற ஒரு பூட்டைக் காணிக்குப் போட்டுவிட்டு, வாசிக்கக் கற்றுக்கொடுக்கிற வேலையை நூறு வருடம் மிஷனிடமும் தர்மவான்களிடமும் விட்டது அந்த ஆட்சி. 1840இல் பூட்டு, 1945இல் சாவி. இடைப்பட்ட காலத்தில் எத்தனை பெருவிரல் என்று யார் எண்ணினார்கள்?

மிஷன் பள்ளிகளுக்கு நன்றி இல்லையா என்றால், உண்டு. 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்து, ஒரு வருடத்துக்குள் அங்கேயே இறந்துபோனார். அவர் தொடங்கியது இன்றும் நிற்கிறது. முஸ்லிம்கள் பிள்ளைகளின் ஈமானுக்குப் பயந்து ஒதுங்கி நின்றதையும் நாங்கள் மறைக்கவில்லை. பெண்பிள்ளையை அனுப்பாததற்கு அந்தப் பயத்தைச் சாட்டாகச் சொன்னதையும் மறைக்கவில்லை. கண்டியில் சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று மன்றாடி எழுதினார். அவருடைய சகோதரி முத்து நாச்சியா பெண்களுக்குக் கற்பித்தார். அந்தச் சத்தம் மலை தாண்டிக் கல்முனைக்கு வந்துசேர அரை நூற்றாண்டு எடுத்தது.

நல்லதும் நடந்தது. கவர்னர் ஹென்றி வார்ட் 1850களில் இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்தினார். 1856இல் நீர்ப்பாசனத்துக்குச் சட்டம் வைத்து, வயல்காரரின் பழைய ஊர்வழக்கத்துக்கு மறுபடி அதிகாரம் கொடுத்தார். நெல்வரி 1892இல் எடுக்கப்பட்டது. 1931இல் இருபத்தொரு வயதான ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது, கைநாட்டு வைக்கிறவளுக்கும். அதே நேரத்தில் மலையகத்தில் லயன் அறையில், பத்துக் கைநாட்டு வைத்தாலும் ஓர் அடி நிலம் கிடைக்காத பெண்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும். எங்கள் மூத்தம்மாவுக்கு இழப்பதற்காவது ஒரு வயல் இருந்தது.

1935இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. அரச காணியைப் பெர்மிட்டில் கொடுக்கிற சட்டம். பெர்மிட்காரர் வாரிசு குறிக்காமல் இறந்தால் காணி யாருக்கு என்று அதில் ஓர் அட்டவணை. மகள்மாருக்கு முன்னால் மகன்மார். வீடு மகளுக்கு என்று வாழ்ந்த கரையோரத்தில் அது தலைகீழ். வெள்ளைக்காரன் 1948இல் போய்விட்டான், அட்டவணை போகவில்லை. கல்லோயாத் திட்டக் காணிகளும் அந்தச் சட்டத்தின் கீழேதான் பெர்மிட்டில் வந்தன. 2022இல்தான் பாராளுமன்றம் அதைத் திருத்தியது. எண்பத்தேழு வருடம்.

கடதாசி காப்பாற்றியது என்று சொன்னோமே, அதற்கு வருகிறோம். 2004 டிசெம்பர் 26. இங்கே யாருக்கும் அந்த நாளை விவரிக்கத் தேவையில்லை. இந்த மண்டபத்தில் இருந்திருக்க வேண்டியவர்கள் இல்லாமல் போன நாள். உயிர் தப்பினவர்களின் பெட்டகமும் உறுதியும் கடலோடு போயின. ஆனால் நொத்தாரிசு ஒவ்வோர் உறுதியிலும் ஒரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அந்தப் பழைய முறை வைத்திருந்ததால், எங்கள் பலரின் வீட்டு உறுதியை மறுபடி எடுக்க முடிந்தது. வீடே இல்லாத இடத்துக்கு உறுதி மட்டும் கையில் இருந்தது.

அதற்குப் பிறகு புது வீடு கொடுத்தார்கள். படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம். கடலோடு போன வீடு எங்களில் ஒருத்தியின் பெயரில் இருந்தது. அவளுடைய உம்மா அவளுக்குக் கொடுத்தது. ஓர் அலுவலகத்தில் அந்தப் படிவத்தை நிரப்பிய தம்பி, தலை நிமிராமலே அவளுடைய கணவரின் பெயரை எழுதினார். அவள் பேசவில்லை. உயர்தரம் வரை படித்தவள், இந்தப் பாடசாலையில் விவாதப் போட்டியில் முதற்பரிசு எடுத்தவள், அன்றைக்கு வாய் திறக்கவில்லை. கூடாரத்தில் மூன்று மாதம் இருந்தால் யாருக்கும் வாய் வராது. புது வீடு அவருடைய பெயரில்தான் இருக்கிறது. நல்ல மனிதர், அதனால் பிரச்சினை இல்லை என்கிறாள். மூத்தம்மாவும் மச்சானை நல்ல மனிதர் என்றுதான் சொன்னார்.

மூத்தம்மாவின் கதையில் ஒரு மிச்சம் உண்டு. 1956இல் வயல் போனது தெரிந்த பிறகு, அடுத்த இரண்டு மகள்மாரையும் படிப்பை நிறுத்தவே விடவில்லை. குமரானதும் வீட்டில் வைக்கச் சொன்ன ஆண்களிடம், 'எனக்கு இன்னொரு வயல் இருந்தா நிறுத்துறன்' என்றாராம். தானும் இரவில் விளக்கடியில் மகளின் சிலேட்டில் தன் பெயரை எழுதிப் பழகினார். 1958இல் இரண்டாவது மகளுக்கு வீட்டை எழுதிய உறுதி எங்களிடம் இருக்கிறது. கைநாட்டு வைக்க மை கொண்டுவந்தபோது அவர் வேண்டாம் என்று பேனாவைக் கேட்டிருக்கிறார். ஒப்பம் கோணல்மாணலாக இருக்கிறது. கடைசி எழுத்து கோட்டை விட்டுக் கீழே விழுகிறது. அந்த உறுதியை ஒப்பமிடுவதற்கு முன் மூத்த மகள் சத்தமாக, மெதுவாக, இரண்டு தரம் வாசித்தாராம். நொத்தாரிசு ஐயா காத்திருந்தார்.

வயலை எடுத்தவரின் பேத்திமாரும் இந்தப் பாடசாலையில் படித்தவர்கள். இன்று வந்திருக்கவும் கூடும். எங்கள் குடும்பங்களுக்குள் பிறகு கொண்டான் கொடுத்தானும் நடந்துவிட்டது. அதனால் யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள், சங்கத்தின் அனுமதியோடு. உங்கள் வீட்டில் பழைய உறுதிகள், பெர்மிட்டுகள், கூப்பன் கொப்பிகள், ஓலைகள் இருந்தால், தொலைபேசியில் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். அதில் பெண்ணின் பெயரும் கைநாட்டும் இருக்கிற பக்கம் முக்கியம். அதை வைத்தவரைப் பற்றி உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதை நாலு வரி எழுதி இணையுங்கள். பாடசாலை நூலகத்தில் ஒரு கோப்பு திறந்திருக்கிறோம். எங்களுடைய மூன்று உறுதிகளின் பிரதிகள் அதில் இருக்கின்றன. மூல உறுதியை யாரும் தபாலில் அனுப்பிவிட வேண்டாம்.

வஸ்ஸலாம்.